யூனிக்ஸும் ஒன்பது வரித் தாளும்

கரப்பான் பூச்சிக்கோ ஊசிக்கோ மாமியாருக்கோ நான் பயந்ததில்லை. நாற்பத்து மூன்று வயதில் ஒரு கறுப்புத் திரைக்குப் பயந்தேன். அதன் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம் விட்டு விட்டு மின்னும். என்ன வேண்டும் என்று கேட்காது, இன்னது செய் என்றும் சொல்லாது. ஏதாவது அடித்துப் பார், அப்புறம் இருக்கிறது உனக்கு என்று மிரட்டுகிற மாதிரி மின்னிக்கொண்டே இருக்கும்.

ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில், பதிவறையில் எனக்கு வேலை. டாக்டர் எழுதித் தரும் அறிக்கைகளை டைப் அடிப்பது. பதினேழு வருடமாக அதே நாற்காலி, அதே முதுகுவலி. எடுத்த ஸ்கேன் படங்களெல்லாம் அறையின் மூலையில் உள்ள பெரிய கம்ப்யூட்டரில் போய்ச் சேரும். போன வருடம் கட்டி எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் அந்தப் பழைய படம் இருந்தாக வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் பேரின் வயிறும் நெஞ்சும் மண்டையும் அதற்குள் இருந்தன.

அந்தக் கம்ப்யூட்டர் யூனிக்ஸ் என்பதில் ஓடுகிறது. மவுஸைப் பிடித்து நாலு படத்தைத் தட்டினோம், வேலை முடிந்தது என்ற கதையெல்லாம் அதனிடம் நடக்காது. எல்லாவற்றையும் கட்டளையாக எழுத்தில் அடிக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் மெஷின் அண்ணன் என்போம். பதினான்கு வருடம் அவரைத் தவிர வேறு யாரும் அதன் கீபோர்டைத் தொட்டதில்லை, தூசி துடைக்கக்கூட. அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. போகிற அன்று பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். அதில் ஒன்பது வரிகள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவற்றை வரிசையாக அடித்தால் மெஷின் தன் வாராந்தர வேலையை முடித்துக்கொள்ளும். அடியில் அவர் கையெழுத்தில் ஒரு குறிப்பு: “எழுத்து மாறக் கூடாது. நடுவுல ஏதாவது புலம்பும், கண்டுக்காதீங்க. ஒன்பதையும் முடிங்க.”

பதிவறைக்குத் தலைவியான பெரிய மேடம் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோருக்கும் திடீரென்று தலைபோகிற வேலை வந்துவிட்டது. அசடு மாதிரி நான் ஒருத்திதான் நிமிர்ந்து பார்த்தேன்.

“உன் கைதாம்மா தப்பில்லாம அடிக்கும். நீ பாத்துக்க.”

“எனக்கு அதுல ஒண்ணுமே தெரியாது மேடம்.”

“எனக்கு மட்டும் தெரியுமா? தாள்ல இருக்கறத அடிக்கப் போற. டைப்பிங்தானே.”

“ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

“ஆகாம பாத்துக்க.”

இதைவிடத் தெளிவான பயிற்சி எனக்கு அந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை கை வியர்த்து கீபோர்டு பிசுபிசுத்தது. முதல் வரியை அடித்ததும் அது நாலைந்து வரி என்னமோ புலம்பியது. அண்ணன் சொன்னது இதுதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மற்ற எட்டு வரிகளுக்கும் அது வாயே திறக்கவில்லை. நல்லதா கெட்டதா என்று தெரியாத அந்த மௌனம்தான் என்னை அதிகம் கலக்கியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், என் கை பட்டு அந்தப் படங்கள் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற ஒரே நினைப்பு. யாரோ ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருப்பாள், டாக்டர் பழைய படத்தைக் கேட்பார், அங்கே ஒன்றும் இருக்காது.

பயம் போக வேண்டுமானால் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். என் மகளிடம் சொன்னேன். “நெட்ல போட்டா வரும்மா” என்றாள், தலையைத் தூக்காமல். போட்டேன். வந்தது. அதுதான் கஷ்டமே. ஒருவர் இங்கிருந்து ஆரம்பி என்றார். இன்னொருவர் அதையெல்லாம் விடு, இங்கிருந்து ஆரம்பி என்றார். மூன்றாமவர் பத்தே நாளில் மன்னனாகலாம் என்று தொடங்கி இரண்டாவது பத்தியிலேயே எனக்குப் புரியாத பதினெட்டுச் சொல்லைப் போட்டார். வீடியோவில் ஒரு பிள்ளை பேசியதைப் பார்த்தால், அவன் பிறந்ததே அந்தக் கறுப்புத் திரைக்குள்தான் போலிருந்தது. எல்லாரும் ரொம்ப நல்லவர்கள், எல்லாவற்றையும் இலவசமாகச் சொன்னார்கள். எதற்கப்புறம் எது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கைக் கையில் எடுத்தேன். இருநூறு பக்க நோட்டு ஒன்றில் கட்டளைகளை ஏ, பி, சி, டி வரிசையில் எழுதினேன். பதினேழு வருடம் ஃபைல் அடுக்கியவளுக்கு வேறென்ன தோன்றும்? இரண்டு வாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு கட்டளைகள் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அர்த்தம். மனப்பாடமும் செய்தேன். பாத்திரம் துலக்கும்போது எம்-இல் ஆரம்பிப்பதையெல்லாம் ஒப்பிப்பேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். ஆனால் பயம் கூடித்தான் போயிற்று. முன்பு எனக்குத் தெரியாதது ஒரே ஒரு பூதம். இப்போது பெயர் தெரிந்த நூற்றுப் பன்னிரண்டு பூதங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அழுகிறவர்களைத் தேடிப் பிடித்து அவளிடம்தான் அனுப்புவார்கள்.

“என்ன அண்ணி, மூஞ்சி இப்படி இருக்கு? எங்கண்ணன் ஏதாவது சொன்னானா?”

“சொல்லிட்டாலும். உங்கண்ணன் வாயத் தொறந்து மூணு நாளாச்சு.”

“நீங்க தொறக்க விட்டாத்தானே.” மேஜையிலிருந்த நோட்டைப் புரட்டினாள். “இது என்ன, மந்திரமா?”

“ஆபீஸ் மெஷினுக்கு. யூனிக்ஸ். ஏ பி சி டி வரிசையில எழுதியிருக்கேன்.”

அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஏ-ல ஆக்சிலரேட்டர், பி-ல பிரேக்குன்னு நான் பாடம் நடத்துனா, எத்தன பேரு உசுரோட வீட்டுக்குப் போவாங்க அண்ணி?”

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. “அப்ப நீ வந்து சொல்லிக்குடு.”

“எனக்கு என்ன தெரியும் அதப்பத்தி. எங்கிட்ட வர்றவங்கள மொத நாள் வண்டிய ஸ்டார்ட்டே பண்ண விடமாட்டேன், அவ்வளவுதான். உக்காரு. கண்ணாடியப் பாரு. முன்னாடி என்ன இருக்கு, பின்னாடி என்ன இருக்கு, நீ எங்க நிக்கற, சொல்லு. இதையே ரெண்டு நாள் கேப்பேன். திட்டுவாங்க. அப்புறம் நிறுத்தறதுக்கு சொல்லித்தருவேன். ஓட்டறதெல்லாம் அதுக்கப்புறம். பயந்தவங்களுக்குப் பாதி பயம் எங்க நிக்கறோம்னு தெரியாததுதான்.”

அவள் போனபின் கத்தரிக்கோலை எடுத்து நோட்டை வெட்டினேன். மனசு வலித்தது, அவ்வளவு அழகான கையெழுத்து. நூற்றுப் பன்னிரண்டு துண்டுகளையும் மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றையும் ஒரே கேள்வி கேட்டேன்: உன்னால் எவ்வளவு கெடுதல் செய்ய முடியும்? வெறுமே பார்த்துச் சொல்கிறவை ஒரு குவியல். புதிதாக ஒன்றை உண்டாக்குகிறவை அடுத்தது. இருப்பதை நகர்த்துகிறவை, நகலெடுக்கிறவை மூன்றாவது. அழிக்கிறவை நாலாவது. நாலாவது குவியலை ஒரு கவருக்குள் போட்டு, சுற்றிலும் ஸ்டேப்ளர் அடித்து மூடினேன். முந்தின குவியல் கைக்கு வராமல் அடுத்ததைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

பதிவறையில் யாரும் உபயோகிக்காத ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. மேடத்திடம் கேட்டு அதில் யூனிக்ஸ் போட வைத்தேன். மதிய உணவு நேரத்தில் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்வேன். முதல் வாரம் முழுக்க மூன்றே கட்டளைகள். நான் யார்? நான் எங்கே நிற்கிறேன்? இங்கே என்னென்ன இருக்கிறது? எங்கே நிற்கிறேன் என்பதற்கு பி, டபிள்யூ, டி என்று மூன்று எழுத்து. அடித்தால் நான் நிற்கும் அறையின் முகவரியைச் சொல்லும். ஆமாம், நான் அவற்றை அறை என்றுதான் நினைத்துக்கொண்டேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு பெரிய வீடு, அறைக்குள் அறை. எந்த அறையில் நிற்கிறோமோ, அங்கேதான் நம் கட்டளை பலிக்கும்.

இரண்டாவது வாரம் அறை விட்டு அறை போகப் பழகினேன். இல்லாத அறைக்குப் போகச் சொன்னால், அப்படி ஒன்று இல்லை என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு, நம்மை இருந்த இடத்திலேயே நிற்க வைத்துவிடும். இன்னொன்றும் அப்போதுதான் பிடிபட்டது. அது பேசாமல் இருந்தால் சொன்னதைச் செய்துவிட்டது என்று அர்த்தம். பேசினால்தான் மறுக்கிறது. இத்தனை நாள் நான் தலைகீழாகப் பயந்திருக்கிறேன். சாப்பாட்டு டப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

ஆனால் வெள்ளிக்கிழமைத் தாள் வேறு, மதியப் பாடம் வேறு என்றுதான் என் மண்டையில் இருந்தது. தாள் அண்ணன் வாக்கு. அதை அடிப்பதோடு என் வேலை முடிந்தது. அதில் உள்ளவையும் இதே கட்டளைகள்தானே, என்னதான் சொல்கிறது என்று பார்க்கலாமே என்ற எண்ணம் ஏன் வரவில்லை என்று பின்னால் பலர் கேட்டார்கள். பயந்த இடத்தை யார் உற்றுப் பார்ப்பார்கள்? சீக்கிரம் அடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடத்தான் தோன்றும்.

நாலாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது. அறிக்கைகள் முடிந்துவிட்டன, கைக்கு வேலை இல்லை. சுவரில் இருந்த தாள் கண்ணில் பட்டது. சும்மா படித்தேன். அதாவது, முதல் முறையாகப் படித்தேன்.

முதல் வரி உள்ளே நுழைவது. இரண்டும் மூன்றும், பழைய படங்கள் இருக்கும் அறையை அப்படியே, பின்னால் வயரில் மாட்டியிருக்கும் இரண்டாவது டிஸ்க்கில் நகலெடுப்பது. இங்கே இருப்பதுதான் அங்கேயும் இருக்கும், இங்கே இல்லாததை அங்கிருந்தும் எடுத்துவிடும். நாலும் ஐந்தும், அந்தப் பழைய படங்கள் அறைக்குள்ளேயே போய் நின்று, இந்த வாரத்துப் புதுப் படங்களையும் அங்கே கொண்டுவந்து சேர்ப்பது. ஆறாவது, வேண்டாத துண்டு துணுக்குகள் சேர்கிற அறைக்குப் போவது. ஏழாவது இரண்டு எழுத்தில் ஆரம்பித்தது. அது மூன்று குவியலிலும் இல்லை.

கைப்பையில் வைத்திருந்த கவரின் ஸ்டேப்ளர் பின்களை நகத்தால் பிய்த்தேன். துண்டை எடுத்துப் பார்த்தேன். நிற்கும் இடத்தில் உள்ள எல்லாவற்றையும், ஒன்றும் கேட்காமல், அழி.

குப்பை அறையில் நின்று குப்பையை அழிப்பது. சரிதானே. அண்ணன் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். பின் ஏன் அந்த வரியை விட்டு என் கண் நகரவில்லை என்று ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆறாவது வரியில், அப்படி ஒரு அறை இல்லை என்று அது மறுத்துவிட்டால் நான் எங்கே நிற்பேன்?

பழைய படங்கள் அறையில் நிற்பேன்.

போன வெள்ளிக்கிழமை முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தபோது திரையில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. முதல் வரியின் புலம்பலுக்குக் கீழே, நடுவில், தனியாக ஒரு வரி. டைப்பிங் பயின்ற எல்லோருக்கும் சொல்லித் தரப்படுவது ஒன்று உண்டு: கண் தாளை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் ஸ்கேலால் ஒரு தட்டு விழும். பதினேழு வருடம் அதில்தான் நான் பேர் வாங்கினேன். ஒன்பது வரியையும் தாளைப் பார்த்தே அடித்துவிட்டு, நிமிர்ந்து, புலம்பல்தானே என்று திரையைத் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அந்த வாரம் புதன்கிழமை பெரிய கம்ப்யூட்டரைப் பார்க்க மெஷின் கம்பெனி ஆள் வந்திருந்தார். உள்ளே எல்லாம் இறைந்து கிடக்கிறது, அறைகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டுப் போனார். குப்பை அறைக்கு அவர் வேறு பெயர் வைத்திருக்கலாம். அந்தக் கூடுதல் வரி, அப்படி ஒரு அறை இல்லை என்று மறுத்ததாகத்தான் இருக்கும்.

பார்த்துவிடலாம். பார்க்கிற கட்டளை கெடுதல் செய்யாது. இதை நான் முதல் வாரமே படித்துவிட்டேன். பெரிய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். ஆனாலும் விரல் இறங்கவில்லை. பார்க்காத வரைக்கும் எல்லாம் அங்கேயே இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம் அல்லவா? மடியில் கையை வைத்துக்கொண்டு, சாமி, இருக்கட்டும், இருக்கட்டும் என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது.

பழைய படங்கள் அறைக்குப் போனேன். எங்கே நிற்கிறேன் என்று கேட்டேன். சரியான இடம்தான். இங்கே என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன்.

அது பேசவில்லை. கட்டம் மட்டும் மின்னியது. மறுபடி கேட்டேன். மறுபடியும் ஒன்றுமில்லை. அறை காலி.

நாலாயிரம் பேர். ஒரு வாரமாக. யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அடுத்த பத்து நாளில் வரப்போகிறவர்களின் பழைய படங்கள் முன்கூட்டியே டாக்டரின் கம்ப்யூட்டருக்குப் போயிருக்கும்.

“என்னம்மா, மணி மூணாச்சு. அடிச்சுட்டியா?” பெரிய மேடம் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை அந்த வேலை முடிந்தால்தான் அவர் கிளம்பலாம்.

இதில் நான் வெட்கப்படும் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த நொடி, தாளை எடுத்து வழக்கம் போல அடித்துவிடலாம் என்று தோன்றியது. அடித்தால் மேடம் கிளம்பிவிடுவார். நான் வீட்டுக்குப் போவேன். இன்னும் மூன்று நாள் கழித்து யாராவது கண்டுபிடிப்பார்கள், மெஷின் கெட்டுவிட்டது என்பார்கள். தாளில் உள்ளதைத்தான் அடித்தேன் என்று நான் சொல்வேன், அது பொய்யும் இல்லை. கை கீபோர்டு வரை போய்விட்டது. முதல் வரியை அடித்தேவிட்டேன். அது புலம்பியது.

இரண்டாவது வரியையும் அடித்துவிட்டேன். என்டர் மட்டும் பாக்கி. இங்கே இல்லாததை அங்கிருந்தும் எடுத்துவிடும். இங்கேதான் ஒன்றுமே இல்லையே.

“ரெண்டு நிமிஷ வேலைதானே, என்ன யோசன?”

“அடிக்க மாட்டேன் மேடம்.”

“என்ன?”

“இத அடிச்சா நகலும் போயிடும். அசல் ஏற்கெனவே போயிடுச்சு. போன வாரம் நான்தான் அழிச்சேன்.” என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது. “பழைய படம் ஒண்ணுகூட இல்ல.”

மேடம் கைப்பையைக் கீழே வைத்தார். நான் ஆறாவது வரியையும் ஏழாவது வரியையும் காட்டிச் சொன்னேன். அவர் கேட்டார், மறுபடி கேட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பயம் எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று அப்போது பார்த்தேன். அதனால் ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

தணிந்த குரலில் கேட்டார். “நகல் இருக்குல்ல?”

“இருக்கணும்.”

“அப்ப அத இங்க கொண்டாந்து போட்டுடு. நீதான் தினமும் படிக்கறியே. போட்டுட்டா முடிஞ்சுது. யாருக்கும் தெரிய வேண்டாம். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா. அந்தக் கட்டளை எனக்குத் தெரியும், மனப்பாடமாகவே தெரியும். எங்கிருந்து, எங்கே என்று இரண்டு முகவரி கொடுக்க வேண்டும். இடம் மாற்றிக் கொடுத்தால் காலி அறையைக் கொண்டுபோய் நகலின் மேல் போட்டுவிடும். எது முதலில்? தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது மூன்றாவது குவியல். நான் அப்போது இரண்டாவதைக்கூட முடிக்கவில்லை.

“என்னால முடியாது மேடம். நான் இன்னும் அந்தப் பாடத்துக்கு வரல.”

“பாடமா? இப்ப பாடம் பேசற நேரமா இது?”

“இப்பதான் மேடம் பேசணும்.”

அடித்து வைத்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். பிறகு, இனி யார் எதை அடித்தாலும் நகலுக்கு ஒன்றும் ஆகாதபடி, இரண்டாவது டிஸ்க்கின் வயரைப் பின்னாலிருந்து பிடுங்கினேன். மேடம் ஐயோ என்றார். பிடுங்கிய டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஸ்கேன் பிரிவுக்கே தலைவரான பெரிய டாக்டரின் அறைக்கு நானே நடந்தேன். எனக்குப் பின்னால் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த நடைபாதையை நான் ஆயிரம் தடவை நடந்திருப்பேன். அன்றைக்கு அது முடியவே இல்லை.

திங்கட்கிழமை வெளியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். நாளெல்லாம் உட்கார்ந்து நகலிலிருந்து படங்களை மீட்டார். ஒன்றுகூட விடாமல் வந்துவிட்டதாக அவர் சொன்னபோது நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அவர் இன்னும் போகவில்லை. கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். நான் அழித்த அந்த வாரத்துப் புதுப் படங்கள் நகல் எடுத்த பிறகுதான் அந்த அறைக்குள் வந்திருக்கின்றன. நகலுக்குப் போகுமுன்பே ஏழாவது வரி அவற்றைத் தின்றுவிட்டது. ஸ்கேன் மெஷினும் மூன்று நாளுக்கு மேல் எதையும் வைத்துக்கொள்வதில்லை. ஐம்பத்தெட்டுப் பேர். அவர்களுக்கு அறிக்கை இருக்கிறது, படம் இல்லை. மறுபடி வந்து எடுத்தே ஆக வேண்டும்.

போன் செய்து கூப்பிடும் வேலையை நான்தான் கேட்டு வாங்கினேன். பெரிய டாக்டர் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதியே கொடுத்தார். டாக்டர் இன்னொரு தடவை பார்க்க விரும்புகிறார், ஸ்கேனுக்கு வாருங்கள். அவ்வளவுதான். மெஷின் சமாசாரம் வெளியே போக வேண்டாம்.

போனும் பட்டியலும் முன்னால் இருந்தன. மேடம் அடுத்த மேஜையில் உட்கார்ந்து, என் பக்கம் பார்க்காமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கறுப்புத் திரைக்குப் பயந்தது போலவே அந்த போனுக்கும் பயந்தேன். முதல் நம்பரைப் போட்டேன். வயிற்றில் ஸ்கேன் எடுத்துக்கொண்ட ஒரு தச்சர். எடுத்ததும் பின்னால் ரம்பச் சத்தம் கேட்டது. எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தேன்.

ரம்பம் நின்றது.

“மறுபடியுமா?” என்றார். “ஏம்மா, பெருசா ஏதாவது தெரிஞ்சுதா?”

“அதெல்லாம் டாக்டர் வந்து சொல்வாருங்க.”

“எதா இருந்தாலும் சொல்லிடுங்கம்மா. பரவால்ல. நான் தாங்கிக்குவேன்.”

அவர் தாங்கவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. வீட்டுக்குள் யாரையோ, இங்க வாயேன், கொஞ்சம் இங்க வாயேன் என்று கூப்பிட்டார். எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். ஏழெட்டு வாரமாக எனக்குள்ளே பேசிக்கொண்டிருந்த குரல் அது. எனக்கு இருந்ததை ஒரு போனில் தூக்கி அவர் மடியில் போட்டுவிட்டேன். இன்னும் ஐம்பத்தேழு பேர் மடி பாக்கி இருக்கிறது.

டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். மேடம் எழுதுவதை நிறுத்தினார். தடுக்கவில்லை.

“இருங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. டாக்டர் ஒண்ணும் சொல்லல. உங்க படம் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. அத நான் தப்பா அழிச்சுட்டேன். அதனாலதான் மறுபடி எடுக்கணும். தப்பு என்னோடதுங்க.”

திட்டப் போகிறார் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இன்னொரு தடவை வந்து அந்தக் குழாய்க்குள் படுக்க வேண்டும். எவ்வளவு திட்டினாலும் தகும்.

“அப்பாடா,” என்றார். “அவ்வளவுதானா?”

பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வந்து நின்றவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. “ஒண்ணுமில்லையாம். அந்தம்மா படத்த அழிச்சுட்டாங்களாம்.” சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண்ணும் அழுதாள். அவர்கள் ஓய்கிற வரைக்கும் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு என்றைக்கு வர முடியும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அடுத்த நம்பரைப் போட்டேன்.